காபிக்காவின் பதினைந்து படங்கள்

அக்கா காபியை விடப்போகிறாள் என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்த அன்று, எதிர்ச் சாரியில் காபிக் கடை வைத்திருந்தவர் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"நீங்க காபியை விடுறதா? உசுரை விடுறேன்னு சொல்லுங்க, நம்புறேன்."

"வாயைக் கழுவுங்க முதல்ல. கப்பைக் கழுவுற மாதிரி இல்லாம, நல்லா" என்றாள் அக்கா.

சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது காபி குடிக்கிறவள் அவள். எழுந்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று, ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கியதும் ஒன்று. அதற்கப்புறம் கை தட்டினால் போதும், எதிரிலிருந்து கப் வந்துவிடும். தெருவே அவளுக்கு வைத்த பெயர் காபிக்கா. ஸ்டூடியோவுக்கு வழி கேட்டால்கூட, "காபிக்கா உட்கார்ந்திருப்பாங்க பாருங்க, அந்தக் கடை" என்றுதான் கையை நீட்டுவார்கள்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் அக்கா. பின்னறையில் ஒரு வெள்ளைத் திரை, இரண்டு லைட், ஒரு முக்காலி, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் தம்பி. மாடியில் வீடு. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் படம் எடுக்க வருகிறவர்கள்தான் பிழைப்பு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். தம்பிக்கு நாற்பத்து மூன்று. கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் லென்ஸ் துடைக்க எழுந்து போய்விடுகிற ரகம். அக்காவின் ஒரே மகள் மலைக்கு மேலே அணை கட்டுகிற இடத்தில் நில அளவை வேலையில் இருந்தாள். அங்கே சிக்னல் ஒரு படத்தை ஏற்றிக்கொள்ளும். வீடியோ என்றால் மூச்சு வாங்கும்.

விடுவதற்கு முந்தின பத்து நாளாகவே அக்காவுக்கும் காபிக் கடைக்காரருக்கும் சண்டை.

"தூளை மாத்திட்டீங்க. கருகின வாடை அடிக்குது."

"அக்கா, சத்தியமா அதே தூள், அதே பால், அதே நான்."

"அப்போ நீங்கதான் கருகிட்டீங்க."

பாதி கப் திரும்பிப் போனது. மறுநாள் முக்கால் கப். அதற்கு மறுநாள் தொடாமலே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா போனைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். வீடியோவில் யாரோ ஒரு பெண், காபியை விடுவதற்கு முன் ஒரு முகம், விட்ட பின் ஒரு முகம். முன்னதில் கண்ணுக்குக் கீழே இரண்டு பை. பின்னதில் பத்து வயது குறைச்சல்.

"நூறு நாள். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில ஒரு படம் எடு. கடைசியில எல்லாத்தையும் பெரிசா ஒரே போர்டுல போட்டு வாசல்ல மாட்டுவோம். கூட்டம் அள்ளும் பாரு."

"பாதியில விட்டா?"

"பாதி போர்டு மாட்டு" என்றாள்.

தம்பி சம்மதித்தான். அவன் செய்த தப்புகளில் அது சேராது. தப்பு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவனுடைய கைப்பழக்கத்தில்.

*

அந்தப் பழக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

லைட்டுக்கு லைட் நிறம் மாறும். ஒன்று மஞ்சளடிக்கும், ஒன்று நீலமடிக்கும். அதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டரில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி உண்டு. படத்தில் எது சுத்தமான வெள்ளையோ அதன்மேல் அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், 'ஓ, இதுதான் வெள்ளையா' என்று மிச்சப் படம் முழுக்கத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சட்டைக் காலரில் தட்டுவார்கள், திரையில் தட்டுவார்கள். தம்பிக்குத் திரையில் நம்பிக்கை இல்லை, தூசி படியும். காலரில் நம்பிக்கை இல்லை. சோப்புக்குச் சோப்பு அதன் நிறம் மாறும். இருபது வருஷத்தில் அவன் கண்டுபிடித்து வைத்திருந்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. கண்ணைப் பெரிசாக்கு. கருவிழிக்குப் பக்கத்தில் வெள்ளையில் தட்டு.

"சட்டை பொய் சொல்லும், சுவரு பொய் சொல்லும். கண்ணோட வெள்ளை பொய் சொல்லாது" என்பான். படம் திறந்த இரண்டாவது நொடியில் அவன் விரல் தட்டி முடித்திருக்கும். திருத்தாத முகத்தை அவன் முழுதாகப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

முதல் படம், காபியை விடுவதற்கு முந்தின நாள் காலை. பழுப்புச் சட்டை, வெள்ளைத் திரை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பல் தெரிய. அக்காவுக்குக் கண் கூசும். லேசாகப் பழுப்புச் சாயம் போட்ட தடிக் கண்ணாடி எப்போதும் மூக்கின்மேல் இருக்கும். அதைக் கழற்றினால் அவளுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

"பல்லைக் காட்டுக்கா. கறை போகுதான்னு பார்க்கணும்ல."

"நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு, கொஞ்சம் டைம் குடு."

தட்டினான். முகத்தை மட்டும் வெட்டி அவள் போனுக்கு அனுப்பினான். அவள் அதை மகளுக்கு அனுப்பினாள். எல்லாத் திங்கட்கிழமையும் அதுவே வழக்கமாயிற்று. முழுப் படங்கள், கை படாத மூலப் படங்கள், எல்லாம் ஒரு கோப்பில் போய்த் தூங்கின.

*

முதல் வாரம் நரகம். அக்காவின் தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தவள், படம் நன்றாக வரவில்லை என்று குறைப்பட்ட வாடிக்கையாளரிடம், "இருக்கிறதைத்தானே சார் எடுக்க முடியும்" என்றுவிட்டாள். தம்பி பின்னறையிலிருந்து ஓடிவந்து இன்னொரு படம் இலவசமாக எடுத்துக் கொடுத்தான்.

மூன்றாவது வாரம் தலைவலி போயிற்று. தூக்கம் வந்தது. படுத்தால் காலை ஆறு மணி என்றாள். நான்காவது படத்தில் கண்ணுக்குக் கீழிருந்த பைகள் வற்றியிருந்தன. ஐந்தாவதில் பல்லிலிருந்த பழுப்பு லேசாக வெளுத்திருந்தது. ஆறாவதில் கன்ன எலும்பு தலைகாட்டியது.

மகளிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா, என்ன இது, எனக்கு அக்கா மாதிரி இருக்கே. மாமா டச்சப் பண்ணிட்டாரா?'

"இல்லைன்னு எழுதுடா" என்றாள் அக்கா. முகத்தில் அடக்க முடியாத பெருமை. "சும்மா கலர் மட்டும்தானே சரி பண்ற?"

"கலர் மட்டும்தான்."

தெருவும் பார்த்தது. மெலிந்துவிட்டாள், நடையே மாறிவிட்டது என்றது. இருவர் காபியை விட்டார்கள். அதில் ஒருவர் நான்கு நாளில் திரும்பப் பிடித்துக்கொண்டார். காபிக் கடைக்காரர் தினம் ஒரு தடவை வந்து வாசலில் நின்று புலம்பிவிட்டுப் போனார்.

"உங்களுக்கு அழகு கூடக் கூட எனக்கு வியாபாரம் குறையுது. ஒரே ஒரு கப். வாசனை மட்டும் பிடிங்க."

அவர் கப்பை மேசையருகே கொண்டுவந்தார். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொண்டை ஒரு தரம் மேலேறி இறங்கியது. எழுந்து பின்பக்கம் போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பார்த்தியா, எப்பேர்ப்பட்ட மனக்கட்டுப்பாடு" என்றார் கடைக்காரர் தம்பியிடம், நிஜமான மரியாதையோடு.

தம்பியும் அப்படித்தான் நினைத்தான்.

*

எட்டாவது படம். விட்டு ஏழு வாரம்.

படம் திரையில் திறந்தபோது தம்பியின் விரல் அதிசயமாக ஒரு நொடி தயங்கியது. மஞ்சள். படம் முழுக்க இல்லை, ஆனால் எங்கேயோ மஞ்சள். இடது லைட்டை அண்ணாந்து பார்த்தான். மூன்று வருஷத்துப் பல்பு.

"என்னடா பார்க்கிற?"

"லைட்டு சரியில்லக்கா. பல்பு பழசாயிடுச்சு."

"எல்லாத்துக்கும் வயசாகுது. எனக்குத்தான் குறையுது" என்றாள் அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

தட்டினான். மஞ்சள் மறைந்தது. முகம் பளிச்சென்றது. அன்று மாலையே புதுப் பல்பு மாட்டினான்.

ஒன்பதாவது படத்திலும் மஞ்சள். எலக்ட்ரிக் கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே தட்டினான். பத்தாவதில், காலையில் முதல் படம் இதுதான், லைட்டு இன்னும் சூடாகவில்லை என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். பதினொன்றாவதிலிருந்து சமாதானமும் தேவைப்படவில்லை. விரல் தானாகத் தட்டியது.

அந்தப் படங்கள்தான் எல்லோரையும் அசத்தின. பல் அப்படி ஒரு வெளுப்பு. நரை வெள்ளி மாதிரி மின்னியது. மகள் எழுதினாள்: 'அம்மா பல்லு பேஸ்ட் விளம்பரம் மாதிரி இருக்கு. இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். நானும் காபியை விடப் போறேன்.'

நேரில் இருந்த அக்கா வேறு மாதிரி இருந்தாள். தம்பிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்ததற்கெல்லாம் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

சாப்பாட்டுத் தட்டில் பாதி மிஞ்சியது. "காபி குடிச்சுக் குடிச்சு வயிறு கெட்டுக் கிடந்துச்சு. இப்பத்தான் அளவா கேட்குது" என்றாள்.

கையையும் முதுகையும் சொறிந்துகொண்டே இருந்தாள். ஸ்கேலை முதுகுக்குள் விட்டுச் சொறிந்தாள். "உள்ள இருக்கிற கசடெல்லாம் தோல் வழியா வெளியேறுதாம். அந்த வீடியோவுலயே சொல்றாங்க." தம்பி களிம்பு வாங்கி வந்து கொடுத்தான்.

மத்தியானம் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கினாள். "முப்பது வருஷமா காபி ஏமாத்தி வெச்சிருந்த தூக்கம்டா. பாக்கியைத் தீர்க்குது."

ஒருநாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மேலே நின்றுகொண்டு கேட்டான்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமாக்கா?"

"என்னன்னு சொல்லிக் காட்டுவே? அழகாயிட்டாங்க, என்னன்னு பாருங்கன்னா?" சிரித்தாள். "நூறு நாள் முடியட்டும். போர்டு மாட்டிட்டுப் போவோம். நடுவுல போனா அவர் ஒரு மாத்திரை குடுப்பாரு, அப்புறம் எல்லாம் மாத்திரையாலன்னு சொல்லிடுவாங்க."

போனை எடுத்து, அன்று வந்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எவ்வளவு நல்லா இருக்கேன் பாரு. இப்படி இருக்கிறவளுக்கு என்னடா வந்துடப் போகுது?"

தம்பி அந்தப் படத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தாள்.

*

பதினைந்தாவது படம் எடுத்த திங்கட்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லை. நூறாவது நாளுக்கு இரண்டே நாள் பாக்கி. தம்பி போர்டு வேலையை ஆரம்பித்தான். வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை. போர்டு பெரிது, முகம் மட்டும் போதாது, முழுப் படம் வேண்டும். கோப்பைத் திறந்து, அவனே நிறம் திருத்தி வைத்திருந்த முழுப் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான்.

போட்டு முடித்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான்.

முகங்கள் கச்சிதம். பதினைந்தும் ஒரே நிறம், ஒரே வெளிச்சம். முதல் வரிசையில் உப்பிய முகம், கடைசி வரிசையில் செதுக்கிய முகம். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் முகத்துக்குப் பின்னால் என்னமோ சரியில்லை.

திரை. முதல் வரிசையில் வெள்ளையாக இருந்த திரை, இரண்டாவது வரிசையின் நடுவிலிருந்து லேசாக நீலமடித்தது. எட்டாவது படத்தில் துணிக்கு நீலம் போட்ட மாதிரி. பத்தாவதில் இன்னும் கொஞ்சம். பதினைந்தாவதில் அது வெள்ளைத் திரையே இல்லை. நீல வானம்.

முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டான். எழுந்துபோய்க் கையால் இழுத்துப் பார்த்தான். வெள்ளை. பிரிண்ட் போடும் தாளை எடுத்து அதன்மேல் வைத்தான். தாளும் திரையும் ஒரே வெள்ளை. முக்காலியில் ஆளில்லாமல் திரையை மட்டும் ஒரு படம் எடுத்தான். கம்ப்யூட்டரில் திறந்தான். எதையும் தட்டவில்லை.

வெள்ளை. பல்பு நல்ல பல்பு. எலக்ட்ரிக் கடைக்காரன் யோக்கியன்.

திரை மாறவில்லை, லைட்டு மாறவில்லை, கேமரா மாறவில்லை. பதினைந்து படத்திலும் அவன் 'இதுதான் வெள்ளை' என்று தட்டியது ஒரே இடத்தில். அந்த இடம் வெள்ளையாக இல்லாவிட்டால்தான் மற்றதெல்லாம் இப்படி நீலமாகும்.

மூலப் படங்களைத் திறந்தான். முதல் படம், சாதாரணம். இரண்டு, மூன்று, நான்கு, சாதாரணம். ஏழு, சாதாரணம்.

எட்டு. திரை வெள்ளை. சட்டை பழுப்பு. கண்ணைப் பெரிதாக்கினான். பழைய பேப்பரின் ஓரம் மாதிரி ஒரு நிறம்.

பத்தில் அது இன்னும் கூடியிருந்தது. பன்னிரண்டில் இன்னும். அன்று காலை எடுத்த பதினைந்தாவதில், கண்ணாடி இல்லாத, எதிரில் இருப்பது தெரியாத அந்த இரண்டு கண்களும் முட்டையின் மஞ்சள் கரு கலங்கினாற்போல் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. கன்னத்திலும் கழுத்திலும் அதே மஞ்சள். பல் வெள்ளையில்லை, சாதாரணப் பல்.

முன்னறைக்குப் போனான். அக்கா ஸ்கேலால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா. வாசலுக்கு வா."

"ஏன், யார் வந்திருக்கா?"

"வா."

வாசல் வெளிச்சத்தில் அவளை நிறுத்தினான். கண்ணாடியை அவனே கழற்றினான். கையிலிருந்த வெள்ளைத் தாளை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தான்.

எதிர்ச் சாரியில் காபிக் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். ஒரு கையில் கப், ஒரு கையில் கப், நடுவில் காபி தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

"என்னடா" என்றாள் அக்கா. "எதுக்கு ரெண்டு பேரும் பேச மாட்டேங்கறீங்க?"

*

ஸ்கேன் எடுத்த மூன்றாம் நாள் டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"கணையத்துல கட்டி. பித்தம் இறங்குற குழாயை நெருக்குது. அதான் மஞ்சள், அதான் அரிப்பு. எப்ப ஆரம்பிச்சது?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். சாதாரணமாக இந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர்கள் மேலே பார்த்து யோசிப்பார்கள். ஒரு மாசம் இருக்கும், ரெண்டு மாசம் இருக்கும் என்பார்கள். தம்பி தேதியைச் சொன்னான். கிழமையைச் சொன்னான். காலை ஒன்பது பத்து என்று நேரத்தையும் சொன்னான். அது மூலப் படத்திலேயே பதிந்திருந்தது.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

போனில் ஏற்றி வைத்திருந்த மூலப் படங்களைக் காட்டினான். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எட்டாவதில் நிறுத்தினார்.

"இதைப் பார்த்துமா வரல?"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"யாரும் பார்க்கல டாக்டர். கண்ணாடி போட்டிருப்பேன்."

அவள் எழுந்து இன்னொரு பரிசோதனைக்குப் போனபின், தம்பி கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டான். எட்டாவது படம் எடுத்த அன்றைக்கே வந்திருந்தால்?

"அன்னைக்கு உள்ள எப்படி இருந்ததுன்னு நான் பார்க்கல. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்." அவர் பேனாவை மூடினார். "ஆனா இந்த இடத்துல வர்ற கட்டி சீக்கிரம் மஞ்சளைக் காட்டும். அந்த ஒரு தயவு அதுக்கு உண்டு. சில பேருக்கு அப்பவே வந்தா வெட்டி எடுக்க முடியும். இப்ப ரத்தக் குழாயைச் சுத்திக்கிச்சு, கல்லீரலுக்கும் போயிருக்கு. கத்தி வைக்க முடியாது."

"அப்போ?"

"குழாய்க்குள்ள சின்னதா ஒரு குழாய் வெச்சு மஞ்சளை இறக்கலாம். அரிப்பு நிக்கும், முகம் தெளியும், பார்க்க நல்லா இருப்பாங்க. மஞ்சள்தான் போகும். மூணு மாசம். உடம்பு ஒத்துழைச்சா ஆறு."

மஞ்சள்தான் போகும். தம்பி தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

*

மறுநாள் காலை குழாய் வைக்கிறார்கள். முந்தின மத்தியானம் அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. கீழே கேன்டீனிலிருந்து காபி வாசனை ஏறி வந்தது. அவள் தலையணையில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். தம்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் காபியை விடலைடா."

தம்பி திரும்பினான்.

"குடிக்க முடியல. வாய்க்கிட்ட கொண்டு போனா குமட்டுச்சு. அந்த மனுஷனைத் தூளை மாத்திட்டேன்னு தினம் திட்டினேன். வீட்டுல நானே போட்டுப் பார்த்தேன், அதே வாடை. பத்து நாள் பார்த்தேன். ஒம்போது காபி குடிக்கிறவளுக்குக் காபி பிடிக்கலைன்னா யாராவது நம்புவாங்களா? அசிங்கமா இருந்துச்சு. அப்பத்தான் அந்த வீடியோ வந்துச்சு. சரி, விட்டுட்டேன்னு சொல்லிடலாம், கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு நினைச்சேன்." உதட்டைச் சுழித்தாள். "ஊரே என் மனக்கட்டுப்பாட்டைப் பாராட்டுச்சு. நானும் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

அந்தப் பத்து நாளும் தம்பியின் கண்முன்னால் நடந்தவை. பாதி கப், முக்கால் கப், தொடாத கப். உடம்பு முதலிலேயே சொல்லியிருக்கிறது. அக்கா அதை ஒரு சபதமாக மாற்றிக்கொண்டாள். பிறகு கண்ணில் எழுதிக் காட்டியிருக்கிறது. அதை அவன் அழித்தான். ஒரு தரமல்ல, எட்டுத் தரம்.

"நான்தான்கா" என்றான். "எட்டாவது படத்துலயே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான்தான்—"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"டாக்டர் ரூம்ல உன் மூஞ்சி. அதுல கலர் கரெக்ஷன் பண்ண நேரமில்ல உனக்கு." கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களில் எலும்பு தெரிந்தது. "விடு. உனக்கு இப்ப ஒரு வேலை இருக்கு. இன்னைக்குக் காலையில எடுத்தியே ஒரு படம், அதை சரி பண்ணி அவளுக்கு அனுப்பு."

"அக்கா."

"நூறு நாள் முடிஞ்சும் படம் வரலைன்னு மூணு மெசேஜ் போட்டுட்டா. அவ அளவு வேலை முடிய ரெண்டு மாசம் இருக்கு. நடுவுல இறங்கி வந்தா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. நாளைக்குக் குழாய் வைக்கிறாங்க, மஞ்சள் இறங்கிடும். அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம். எல்லாத் திங்கக்கிழமையும் பண்ணதுதானே. ஒரு தட்டு."

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். படத்தைத் திறந்தான். ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. போர்வை வெள்ளை. நடுவில் அக்கா, பல் தெரிய. போனிலும் அந்தச் சொட்டுக் குழாய்க் குறி இருந்தது. விரல் பழக்கத்தில் அவள் கண்ணைத் தேடிப் போயிற்று. பெரிதாக்கியது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு மேலே வந்து நின்றது.

இரண்டு மாசம். டாக்டரம்மா சொன்னது மூன்று.

விரலை எடுத்தான். படத்தை அப்படியே, இருந்தபடி, அக்காவின் மகளுக்கு அனுப்பினான். மலைக்கு மேலே அது மெதுவாக ஏறியது. ஏறிவிட்டது என்று குறி வந்தது. மணி இரண்டு இருபது.

அறைக்குத் திரும்பினான்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"நல்லா வந்திருக்கா?"

"இருக்கிற மாதிரி வந்திருக்கு."

அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். கண்ணாடி மேசைமேல் இருந்தது. அவளுக்கு அவன் முகம் தெரிந்திருக்காது. குரல் போதுமானதாக இருந்திருக்கும். ஏதோ கேட்க வாயெடுத்தாள். போன் அடித்தது.

இரண்டு இருபத்து நான்கு. நான்கு நிமிடம். அதில் படம் மலையேறிய நேரமும் சேர்த்தி.

ஸ்பீக்கரில் போட்டான். காற்றின் இரைச்சலுக்கு நடுவே மகளின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"மாமா, அம்மா கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு? எங்க இருக்கீங்க? அது ஆஸ்பத்திரிக் கட்டில்தானே? மாமா?"

அவள் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. மண்ணை அளக்கிறவள். கையளவு திரையில், வெயிலில் நின்றுகொண்டு, ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள். எட்டாவது படத்தை அன்றைக்கே இப்படி அனுப்பியிருந்தாலும் பார்த்திருப்பாள்.

அக்கா போனைப் பிடுங்கினாள். குரலில் அந்தப் பழைய மேசைக்காரியின் அதட்டல்.

"ஒண்ணுமில்லடி. சும்மா ஒரு டெஸ்டுக்கு வந்தோம். லைட்டு சரியில்ல. உன் மாமா பழைய பல்புல எடுத்திருக்கான், வேற என்ன."

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் நம்பப் பார்க்கிறாள் என்பது தம்பிக்குப் புரிந்தது. நம்புவது எவ்வளவு சுலபம் என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்.

கையை நீட்டினான். அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் நீட்டிய கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

"லைட்டு சரியாத்தான் இருக்கும்மா" என்றான். "கிளம்பி வா."